தளபதியாக விரும்பாத மாணவன்: யுலிசிஸ் கிராண்ட்டின் இளமையும் படிப்பும்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கு மாநிலங்களின் படைகளுக்குத் தலைமைத் தளபதியாக இருந்து வென்றவரும், பின்னர் 1869 முதல் 1877 வரை குடியரசுத் தலைவராக இருந்தவருமான யுலிசிஸ் கிராண்ட், வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் 39 பேரில் 21-ஆம் இடத்தில்தான் தேறினார். அப்படியானால் பிற்காலத் தளபதிக்கான அடையாளம் எதுவும் அவருடைய சிறு வயதிலோ படிப்பிலோ தென்பட்டதா, அல்லது எல்லாம் போர்க்களத்தில் வந்ததுதானா என்பது கேள்வி.

வகுப்பறையில் தேடினால் கிடைப்பது மிகக் குறைவு என்பதே என் பதில். ஏழெட்டு வயதிலிருந்து பதினேழு வயது வரை அவர் குதிரைகளோடும் வண்டிகளோடும் செய்த வேலையில் தேடினால் ஓரளவு கிடைக்கும். ஆனால் தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை. கிராண்ட்டின் இளமை பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி இரண்டு வாய்களிலிருந்து வருகிறது. ஒன்று, தொண்டைப் புற்றுநோயால் சாகும் தறுவாயில், 1884-85-இல் அவரே எழுதிய நினைவுக்குறிப்புகள். மற்றொன்று, மகன் பெரிய ஆளான பிறகு அவன் பெருமையைப் பத்திரிகைகளுக்கு எழுதி அனுப்புவதையே வேலையாக வைத்திருந்த தந்தை ஜெஸ்ஸி கிராண்ட். மகன் தன்னைக் குறைத்தே சொல்வார். தந்தை கூட்டியே சொல்வார். இரண்டிலும் சற்றுத் தள்ளுபடி செய்துகொண்டுதான் படிக்க வேண்டும்.

அவர் 1822 ஏப்ரல் 27-இல், ஓஹியோ ஆற்றங்கரையில் உள்ள பாயின்ட் ப்ளெசன்ட் என்ற சிற்றூரில், ஒரு சிறிய மரவீட்டில் பிறந்தார். ஆறு பிள்ளைகளில் மூத்தவர். பெயர் வைப்பதில் குடும்பத்தில் ஆளுக்கொரு விருப்பம் இருந்ததால் தொப்பிக்குள் சீட்டுப் போட்டு எடுத்தார்கள் என்பது குடும்பக் கதை. முடிவில் வைக்கப்பட்ட பெயர் ஹைரம் யுலிசிஸ் கிராண்ட். வீட்டில் எல்லோரும் அழைத்தது யுலிசிஸ் என்றுதான். 1823-இல் ஜெஸ்ஸி அருகிலிருந்த ஜார்ஜ்டவுன் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்து, அங்கே சொந்தமாகத் தோல் பதனிடும் கூடம் அமைத்து, செங்கல் வீடும் கட்டிக்கொண்டார். இந்த ஜெஸ்ஸியைப் புரிந்துகொள்ளாமல் மகனைப் புரிந்துகொள்ள முடியாது. சிறு வயதிலேயே தாயை இழந்து, குடும்பம் சிதறி, பிறர் வீடுகளில் வேலை செய்து வளர்ந்தவர். அப்படி வேலை கற்ற வீடுகளில் ஒன்று, பின்னாளில் அடிமை முறையை எதிர்த்து ஆயுதம் எடுத்துத் தூக்கிலேறிய ஜான் பிரவுனின் தந்தையுடையது. ஜெஸ்ஸி பள்ளியில் இருந்தது சில மாதங்களே. தனக்குக் கிடைக்காத படிப்பு மகனுக்குக் கிடைத்தே தீர வேண்டும் என்ற வைராக்கியம் அவரிடம் இருந்தது. பள்ளிக்குப் போகும் வயது வந்தது முதல் வீட்டை விட்டுப் புறப்படும் வரை ஒரு பருவம்கூடத் தன் படிப்பு தடைப்படவில்லை என்று கிராண்ட் எழுதியிருக்கிறார். அந்தக் காலத்து மேற்கு ஓஹியோவில், அதுவும் கைத்தொழில் செய்யும் ஒருவரின் வீட்டில், அது சாதாரணக் காரியமல்ல.

தந்தையின் தொழிலை மகன் வெறுத்தார். பச்சைத் தோலின் நாற்றமும் இரத்தமும் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இறைச்சி கருகும் அளவுக்கு வெந்தால்தான் கடைசிவரை சாப்பிட்டார், வேட்டையாடுவதிலும் நாட்டமில்லை. பல்லாயிரம் பேர் மடிந்த போர்களை நடத்தியவருக்கு ஒரு துளி இரத்தம் கண்ணில் பட்டால் குமட்டும் என்பதை வாழ்க்கை வரலாறு எழுதுபவர்கள் யாரும் விட்டுவைப்பதில்லை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அந்த வெறுப்பின் நடைமுறை விளைவு. கூடத்துக்குள் வர மறுத்த பிள்ளையை ஜெஸ்ஸி அடித்து இழுக்கவில்லை. அதற்குப் பதிலாகக் குதிரைகளைக் கொண்டு செய்யும் வேலை முழுவதையும் அவர் தலையில் கட்டினார். ஏழெட்டு வயதில், வீட்டுக்கும் கூடத்துக்கும் வேண்டிய விறகை வண்டியில் கொண்டுவரும் பொறுப்பு யுலிசிஸுடையதாயிற்று. மரத்தைத் தூக்கி ஏற்றும் வலு இல்லை. ஏற்றுவதைக் காட்டில் வெட்டுபவர்கள் பார்த்துக்கொண்டார்கள், இறக்குவதை வீட்டில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டார்கள், இடையில் ஓட்டிக்கொண்டு வருவது இந்தச் சிறுவன். பதினொரு வயதில் கலப்பை பிடிக்கும் வலு வந்தது. அதிலிருந்து பதினேழு வயது வரை, உழவு, பாத்தி கீறுதல், மக்காச்சோளத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் களையெடுத்து மண் அணைத்தல், அறுவடையை வீடு சேர்த்தல், இவற்றோடு இரண்டு மூன்று குதிரைகளையும் ஒன்றிரண்டு மாடுகளையும் பராமரித்தல் என எல்லாம் அவர் கையில். இத்தனையும் பள்ளிக்குப் போய்க்கொண்டே.

இதற்கு ஈடாகக் கிடைத்ததைப் பற்றி அவர் நன்றியோடு எழுதுகிறார்: வீட்டில் திட்டும் இல்லை, அடியும் இல்லை. வேலை முடிந்தால் மீன் பிடிக்கலாம், ஒரு மைல் தொலைவில் இருந்த ஓடையில் நீந்தலாம், குதிரையை எடுத்துக்கொண்டு பதினைந்து மைல் தள்ளியிருந்த தாத்தா பாட்டி வீட்டுக்குப் போய்வரலாம். தாய் ஹானா அதிகம் பேசாதவர், எதற்கும் பதறாதவர். குழந்தை குதிரைகளின் கால்களுக்கிடையே தவழ்வதாக அக்கம்பக்கத்தார் ஓடிவந்து சொன்னபோதும் அவர் அசையவில்லை என்று ஊரில் சொல்வார்கள்.

ஜெஸ்ஸி ஆசையோடு சொல்லிவந்த கதை ஒன்று இந்த வேலைக் காலத்தைச் சேர்ந்தது. ஊருக்குச் சிறைக்கூடம் கட்டும் ஒப்பந்தம் ஜெஸ்ஸிக்குக் கிடைத்திருந்தது. பெரிய மரக்கட்டைகளைக் காட்டிலிருந்து கொண்டுவரும் வேலை சுமார் பன்னிரண்டு வயதுப் பையனிடம் விடப்பட்டது. ஒருநாள் ஏற்றிவிடும் ஆட்கள் வரவில்லை. அங்கே ஒரு மரம் விழுந்து, அதன் உச்சி இன்னொரு மரத்தில் சாய்ந்து, சரிவான பாதைபோல நின்றிருந்தது. பையன் கட்டைகளைச் சங்கிலியில் பிணைத்து, குதிரையை விட்டு அந்தச் சரிவில் மேலே இழுத்து, நுனி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் வரை ஏற்றினான். பிறகு வண்டியைப் பின்னுக்குத் தள்ளி அந்த நுனிக்குக் கீழே நிறுத்தி, ஒவ்வொன்றாக வண்டிக்குள் இழுத்துக்கொண்டான். தனியாளாக முழு வண்டிப் பாரம் ஏற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான். தந்தையின் கணக்கில் கொஞ்சம் தள்ளுபடி செய்தாலும், இந்தக் கதையின் உட்கரு நம்பத்தக்கதே. பாரம், சரிவு, இழுவை ஆகியவற்றை அன்றாடம் கையாளும் பையனுக்கு வரக்கூடிய யோசனைதான் அது.

குதிரை வியாபாரத்தில் அவர் பட்ட அவமானத்தை அவரே சொல்லியிருக்கிறார். ஊருக்கு வெளியே ரால்ஸ்டன் என்பவரிடம் ஒரு குட்டி இருந்தது. எட்டு வயது யுலிசிஸுக்கு அதன்மேல் தீராத ஆசை. ஜெஸ்ஸி 20 டாலர் தருவதாகச் சொல்லிப் பார்த்தார். ரால்ஸ்டன் 25-க்குக் குறைக்கவில்லை. பையன் கெஞ்சியதும், இருபது தருவதாகச் சொல், ஒப்பவில்லையென்றால் இருபத்திரண்டரை, அதற்கும் ஒப்பவில்லையென்றால் இருபத்தைந்து என்று சொல்லி அனுப்பினார். பையன் நேராகப் போய், "அப்பா குட்டிக்கு இருபது டாலர் சொல்லச் சொன்னார், அதற்கு நீங்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் இருபத்திரண்டரை சொல்ல வேண்டும், அதற்கும் ஒத்துக்கொள்ளாவிட்டால் இருபத்தைந்து கொடுக்க வேண்டும்" என்று அப்படியே ஒப்பித்துவிட்டான். விலை எங்கே முடிந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஊர்ப் பையன்கள் இதை வெகுகாலம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். யுலிசிஸ் என்ற பெயரையே "யூஸ்லெஸ்" (உதவாக்கரை) என்று திரித்துக் கூப்பிட்டவர்களும் உண்டு. அந்தக் குட்டி வளர்ந்து நான்கு வயதில் கண்பார்வை இழந்தது. இருபது டாலருக்கு விற்றார்கள். பிறகு பதினான்காம் வயதில் மேஸ்வில் என்ற ஊருக்குப் படிக்கப் போனபோது, ஆற்றைக் கடக்கும் படகின் மிதிசக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்த குருட்டுக் குதிரைகளில் ஒன்று அதுதான் என்று கண்டுகொண்டார்.

பதினைந்து வயதில் நடந்தது வேறு வகை. வீட்டிலிருந்து சுமார் எழுபது மைல் தொலைவில், கென்டக்கியில் உள்ள ஃப்ளாட் ராக் என்ற இடத்துக்கு இரட்டைக் குதிரை வண்டியில் ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே கண்ட ஒரு சவாரிக் குதிரை பிடித்துப்போய், தன் வண்டிக் குதிரைகளில் ஒன்றைக் கொடுத்து, மேலும் பத்து டாலர் வாங்கிக்கொண்டு மாற்றிக்கொண்டார். வாங்கிய குதிரைக்கோ வண்டியில் பூட்டிய பழக்கமே கிடையாது. திரும்பும் வழியில் ஒரு நாய் குரைத்தது. குதிரைகள் மிரண்டு ஓடின. பாதை ஓரத்தில் இருபதடிக்குக் குறையாத பள்ளம் இருந்த இடத்தில், விளிம்பில் வைத்துத்தான் நிறுத்த முடிந்தது. புதுக் குதிரை நடுநடுங்கிக்கொண்டு நின்றது. ஓட்ட முயலும்போதெல்லாம் உதைக்கத் தொடங்கியது. கூட வந்தவர் பயந்துபோய், அந்த வழியே போன ஒரு சரக்கு வண்டியில் ஏறிக்கொண்டார். யுலிசிஸ் தன் பெரிய கைக்குட்டையை எடுத்துக் குதிரையின் கண்களைக் கட்டி, மெல்ல மெல்ல ஓட்டிக்கொண்டு மேஸ்வில் வந்து சேர்ந்து, அங்கே உறவினரிடம் குதிரை கேட்டு வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார். வெறும் துணிச்சலைவிட இதில் கவனிக்க வேண்டியது வேறு: விபத்துக்கு அரைக்கணம் இடைவெளி இருந்த நிலையிலும் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் புத்தி. இந்த வயதிலேயே சின்சினாட்டி வரை 45 மைல் தனியாகப் போய்வரும் பழக்கம் அவருக்கு இருந்தது.

பயணத்தில் அவருக்கு ஒரு மூடநம்பிக்கை இருந்தது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். ஓரிடத்துக்குப் புறப்பட்டால் போய்ச் சேரும் வரை திரும்பக் கூடாது. வழி தெரியாமல் இடத்தைத் தாண்டிப் போய்விட்டாலும் வந்த வழியே திரும்பாமல், சரியான திசையில் கிளை பிரியும் பாதை வரும் வரை முன்னேயே போய், சுற்றிக்கொண்டு மறுபக்கமாக வந்து சேர்வார். 1864 மே மாதம் வர்ஜீனியாவின் வில்டர்னஸ் காட்டுப் போரில் பேரிழப்புக்குப் பிறகு, முந்தைய தளபதிகளைப் போல வடக்கே பின்வாங்காமல், எதிரியைச் சுற்றிக்கொண்டு தெற்கே செல்ல அவர் உத்தரவிட்டதையும் இந்தப் பழக்கத்தையும் முடிச்சுப் போட யாருக்கும் ஆசை வரும். எனக்கும் வருகிறது. ஆனால் அந்த முடிவுக்குப் பின்னால் ஆள்பலக் கணக்கும் அரசியல் கணக்கும் இருந்தன. அதை ஒரு சிறுவனின் பிடிவாதத்தால் மட்டும் விளக்கிவிட முடியாது.

இனிப் பள்ளி. ஜார்ஜ்டவுனில் அரசுப் பள்ளி இல்லை. பெற்றோர் சந்தா கட்டி ஒரு வாத்தியாரை வைத்துக்கொள்வார்கள். நம் திண்ணைப் பள்ளியைப் போல, அரிச்சுவடி படிக்கும் குழந்தை முதல் பதினெட்டு இருபது வயதுக்காரர் வரை முப்பது நாற்பது பேர் ஒரே அறையில், ஒரே ஆசிரியரிடம். அவருக்கு வாய்த்த ஆசிரியர்களில் ஜான் வைட் என்பவர் நீண்ட பிரம்பை எப்போதும் கையில் வைத்திருப்பவர். ஒரே நாளில் ஒரு கட்டுக் கிளைக் குச்சிகள் தீர்ந்துபோவது உண்டு என்று கிராண்ட் எழுதுகிறார். அதற்காக அவர்மேல் வருத்தம் கொள்ளவில்லை. பெயர்ச்சொல் என்பது ஒரு பொருளின் பெயர் என்பதைத் திரும்பத் திரும்பக் கேட்டு, கடைசியில் நம்பவே தொடங்கிவிட்டதாகக் கிண்டல் செய்கிறார். 1836-37 குளிர்காலத்தில் மேஸ்வில்லிலும், 1838-39 குளிர்காலத்தில் ரிப்லியிலும் தங்கிப் படிக்க அனுப்பினார்கள். இரண்டு இடத்திலும் ஏற்கெனவே மனப்பாடமான அதே கணக்குப் புத்தகத்தைத்தான் மறுபடி படித்தார். இயற்கணிதத்தை வெஸ்ட் பாயின்ட் போகும் வரை முறையாகப் பார்த்ததே இல்லை. சின்சினாட்டியில் ஒரு புத்தகம் வாங்கிப் பார்த்தும், சொல்லித்தர ஆளில்லாததால் ஒன்றும் விளங்கவில்லை.

அந்த இரண்டு ஊர்களும் ஒன்றுக்கொன்று எதிர்த்துருவங்கள். மேஸ்வில் கென்டக்கியில், அடிமை முறை நடப்பில் இருந்த கரையில் இருக்கிறது. ரிப்லி எதிர்க்கரையில், ஓஹியோவில். ரிப்லியில் அவர் படித்த பள்ளி, தப்பியோடி வரும் அடிமைகளுக்கு அடைக்கலம் தந்து வடக்கே அனுப்பிவைத்த ஜான் ரேங்கின் என்ற பாதிரியாருடன் தொடர்புடையது. இவை அந்தப் பையன் மனத்தில் என்ன செய்தன என்று அவர் எங்கும் விரித்துச் சொல்லவில்லை. எல்லைப்பகுதியில், இரு தரப்பிலும் உறவும் பழக்கமும் உள்ள சூழலில் வளர்ந்தார் என்பது மட்டும் உறுதி.

வெஸ்ட் பாயின்ட்டுக்குப் போனது அவருடைய முடிவே அல்ல. ரிப்லியிலிருந்து கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வீடு வந்திருந்தபோது தந்தைக்குச் செனட்டர் தாமஸ் மோரிஸிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. படித்துவிட்டு, உனக்கு அந்த நியமனம் கிடைத்துவிடும் போலிருக்கிறது என்றார். எந்த நியமனம் என்று மகன் கேட்டார். வெஸ்ட் பாயின்ட்டுக்கு, நான் விண்ணப்பித்திருக்கிறேன் என்றார் தந்தை. நான் போக மாட்டேன் என்றார் மகன். நீ போவாய் என்றுதான் நினைக்கிறேன் என்றார் தந்தை. அவர் அப்படி நினைத்தால் தானும் அப்படியே நினைக்க வேண்டியதாயிற்று என்று கிராண்ட் அந்தக் காட்சியை முடிக்கிறார். ஜெஸ்ஸிக்கு ராணுவத்தின்மேல் தனிக் காதல் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. அது செலவில்லாமல் கிடைத்த நல்ல பொறியியல் படிப்பு, அவ்வளவுதான். இடம் காலியானதும் தற்செயலே: அண்டை வீட்டு மருத்துவரின் மகன் அங்கே போய்த் தேர்வில் தவறியிருந்தான். நியமிக்கும் அதிகாரம் அந்தத் தொகுதியின் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) உறுப்பினர் தாமஸ் ஹாமரிடம் இருந்தது. அவரும் ஜெஸ்ஸியும் பழைய நண்பர்கள், அரசியல் சண்டையில் பேச்சு நின்றுபோனவர்கள். ஜெஸ்ஸி கௌரவம் பார்க்காமல் எழுதினார். ஹாமரும் 1839 மார்ச்சில், பதவிக்காலம் முடியும் தறுவாயில், வன்மம் பாராமல் பெயரைக் கொடுத்துவிட்டார்.

அவசரத்தில் பெயர்தான் மாறிப்போனது. யுலிசிஸ் என்பதுதான் முதற்பெயர் என்று எண்ணிக்கொண்டு, தாய்வழிக் குடும்பப் பெயரான சிம்ப்சனை நடுவில் வைத்ததுபோல "யுலிசிஸ் எஸ். கிராண்ட்" என்று எழுதிவிட்டார் ஹாமர். இதற்கிடையே பையனுக்கு வேறு கவலை. ஹைரம் யுலிசிஸ் கிராண்ட் என்பதன் முதலெழுத்துகளைப் பெட்டியில் பொறித்தால் ஆங்கிலத்தில் கட்டித்தழுவுதல் என்று பொருள்படும். கேலி செய்தே கொன்றுவிடுவார்கள் என்று பயந்து, யுலிசிஸ் ஹைரம் என்று தானே மாற்றிக்கொண்டு போனார். அங்கே பதிவேட்டில் இருந்தது மூன்றாவது பெயர். திருத்த மறுத்துவிட்டார்கள். அறிவிப்புப் பலகையில் "யூ. எஸ். கிராண்ட்" என்று கண்ட மூத்த மாணவர்கள் யுனைடெட் ஸ்டேட்ஸ் கிராண்ட், அங்கிள் சாம் கிராண்ட் என்று விளையாடி, கடைசியில் வெறும் "சாம்" என்று நிலைநிறுத்தினார்கள். அப்படி விளையாடியவர்களில், பின்னாளில் போரில் அவர் பக்கம் நின்ற தளபதி வில்லியம் ஷெர்மனும் ஒருவர்.

1839 மே மாத நடுவில் ரிப்லியில் நீராவிப் படகு ஏறி பிட்ஸ்பர்க், அங்கிருந்து கால்வாய் வழி ஹாரிஸ்பர்க், பிறகு ஃபிலடெல்ஃபியாவுக்கு வாழ்நாளில் முதல்முறையாக ரயில். உச்ச வேகம் மணிக்கு 18 மைல். சராசரியாக 12 இருக்கும். தூரத்தையே அழித்துவிட்டதுபோல இருந்தது என்கிறார். ஊர் பார்க்கக் கிடைத்த வாய்ப்பு அவருக்கு மகிழ்ச்சி. ஆனால் போய்ச் சேர வேண்டிய இடத்தை நினைத்தால், வழியில் படகோ ரயிலோ மோதி, உயிர் போகாமல், கல்லூரிக்குத் தகுதியில்லாமல் போகும் அளவுக்கு மட்டும் காயம்பட்டால் நல்லது என்று தோன்றியதாம். அப்படி எதுவும் நடக்கவில்லை. மே மாதக் கடைசியில் வெஸ்ட் பாயின்ட் சேர்ந்தபோது உயரம் 5 அடி 1 அங்குலம், எடை 117 பவுண்டு. நுழைவுத் தேர்வில் தேறியது அவருக்கே வியப்பு. அந்த டிசம்பரில் ராணுவக் கல்லூரியையே மூடிவிட வேண்டும் என்று ஒரு மசோதா காங்கிரஸில் வந்தது. அது நிறைவேறினால் கௌரவமாக வீட்டுக்குப் போய்விடலாம் என்று பத்திரிகைகளில் விவாதங்களை ஆவலோடு படித்துவந்தார். மசோதா நிறைவேறவில்லை. ஓராண்டு கழித்து அது நிறைவேறியிருந்தால் வருந்தியிருப்பேன் என்கிறார்.

படிப்பில் கணிதம் எளிதாக வந்தது. மற்ற பாடங்களை இரண்டாம் முறை படிப்பதே அரிது. நேரமெல்லாம் நூலகத்திலிருந்து எடுத்துவந்த நாவல்களில் போயிற்று. பிரெஞ்சில் அவருடைய இடத்தைப் பற்றிச் சொல்லும்போது, வகுப்பைத் தலைகீழாகத் திருப்பி நிறுத்தியிருந்தால் முன்வரிசைக்கு அருகில் இருந்திருப்பேன் என்கிறார். எந்தப் பாடத்திலும் வகுப்பின் ஒரு முனைக்கு, முதலிடமோ கடைசியோ, சரியாகப் போய்ச் சேரவில்லை. நெருங்கி வந்தவை பிரெஞ்சு, பீரங்கிப்படை, காலாட்படை, குதிரைப்படைத் தந்திரங்கள், பின் நன்னடத்தை என்று பட்டியலும் தருகிறார். நெருங்கிய முனை எது என்று அவர் சொல்லவில்லையே தவிர, படைத்தந்திரத்தில் தன் இடம் கடைசிக்கு அருகில்தான் என்று வேறோரிடத்தில் ஒப்புக்கொள்கிறார். தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு விடை தேடுபவர் இந்த இடத்தில் நிற்க வேண்டும். படை நடத்தும் பாடத்தில் கடைசியை ஒட்டி நின்றவர்தான் படை நடத்தினார். 1861-இல் இருபத்தொன்றாம் இல்லினாய்ஸ் படைப்பிரிவுக்குக் கர்னலானபோது, பட்டம் பெற்றதற்குப் பிறகு முதல்முறையாக ஒரு தந்திரப் புத்தகத்தை வாங்கி, முதல் பாடத்தை மட்டும் படித்துக்கொண்டு மைதானத்துக்குப் போனார். புத்தகத்தில் உள்ளபடி அணியைத் திருப்பினால் சில வீடுகளையும் தோட்ட வேலிகளையும் இடிக்க வேண்டியிருக்கும் என்று கண்டதும், புத்தகத்தை விட்டுவிட்டு இடத்துக்கு ஏற்ற கட்டளை கொடுத்தார். அதிகாரிகளுக்கு வித்தியாசமே தெரியவில்லை.

அதற்காகக் கல்லூரி ஒன்றுமே தரவில்லை என்று சொல்ல மாட்டேன். ராபர்ட் வியர் என்ற ஓவியரிடம் கற்ற சித்திரம் அவருக்கு நன்றாக வந்தது. அக்காலத்தில் அவர் வரைந்த நீர்வண்ண, எண்ணெய்வண்ண ஓவியங்கள் சில இன்றும் உள்ளன. ராணுவக் கல்லூரியில் சித்திரம் கற்பித்தது அழகுக்காக அல்ல. நில அமைப்பைப் பார்த்து, மனத்தில் பதித்து, தாளில் இறக்கத் தெரிய வேண்டும் என்பதற்காக. வரைபடத்தை ஒருமுறை பார்த்தால் மறக்காதவர் என்று போர்க்காலத்தில் உடனிருந்தவர்கள் சொன்னதில் கணிதத்துக்கும் இந்தச் சித்திர வகுப்புக்கும் பங்குண்டு என்பது என் எண்ணம். குதிரையேற்றத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. 1843 ஜூனில் இறுதித் தேர்வின்போது, யாரும் ஏறத் தயங்கிய யார்க் என்ற முரட்டுக் குதிரையில் ஏறி, பயிற்சியாளர் ஹெர்ஷ்பர்கர் ஆள் உயரத்துக்கு மேலே வைத்த கம்பைத் தாண்டினார். அந்தத் தாண்டல் பல ஆண்டுகள் கல்லூரியில் பேச்சாக இருந்தது.

பதவிகளில் அவருக்கு ஒட்டவில்லை. மூன்றாம் ஆண்டில் சார்ஜென்ட் ஆக்கினார்கள்; அந்த உயர்வு எனக்குத் தாங்கவில்லை என்கிறார்; நான்காம் ஆண்டில் மறுபடி சாதாரண கேடட் (பயிற்சி மாணவர்). தாமதமாக வருவது, உடையில் அக்கறையின்மை என்று குற்றப்புள்ளிகள் சேர்ந்துகொண்டே இருந்தன. இருந்தும் முதல் கோடையில் தளபதி வின்ஃபீல்ட் ஸ்காட் அணிவகுப்பைப் பார்வையிட வந்தபோது ஒன்று நேர்ந்தது. அந்தப் பெரிய உருவத்தையும் பகட்டான சீருடையையும் கண்டதும், என்றோ ஒருநாள் அந்த இடத்தில் தான் நிற்கப்போவதாக ஒரு கணம் மனத்தில் தோன்றியதாம். படையில் நீடிக்கும் எண்ணமே அப்போது அவருக்கு இல்லை. ஆனால் பத்தாண்டுக்கு முந்தைய குதிரை பேரமும் அதனால் கிடைத்த கேலியும் நினைவில் பசுமையாக இருந்ததால், உயிர் நண்பனிடம்கூட இதைச் சொல்லவில்லை. மனத்தில் இருப்பதை அப்படியே வெளியே கொட்டினால் என்ன நடக்கும் என்று ரால்ஸ்டனிடம் கற்ற பாடம் இங்கே வேலை செய்கிறது. போர்க்காலத்தில் தன் திட்டத்தை யாரிடமும் வாய் திறக்காதவர் என்று பெயரெடுத்தவரின் மௌனத்துக்கு வேர் தேடுபவர்கள், வெஸ்ட் பாயின்ட் பாடத்திட்டத்தைவிட அந்தக் குட்டியின் கதையைத்தான் பார்க்க வேண்டும்.

கல்லூரி தந்தவற்றுள் மிகப் பயன்பட்டது மனிதப் பழக்கம். நான்காண்டுகளில் அவருக்கு முன்னும் பின்னுமாக 1840 முதல் 1846 வரை பட்டம் பெற்ற ஏழு வகுப்புகளின் மாணவர்களோடு அவர் சேர்ந்திருந்தார். அவர்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் பிற்பாடு உள்நாட்டுப் போரில் ஏதாவது ஒரு தரப்பில் தளபதிகளானார்கள். ஷெர்மன், தாமஸ் ஆகியோர் அவர் பக்கம்; லாங்ஸ்ட்ரீட், பக்னர் எதிர்ப்பக்கம். யார் துணிவார், யார் தயங்குவார் என்பது அவருக்கு ஆளைப் பார்த்தே தெரியும். 1862 பிப்ரவரியில் டோனல்சன் கோட்டையில் நிபந்தனையற்ற சரணாகதியைத் தவிர வேறெதையும் ஏற்க மாட்டேன் என்று அவர் எழுதியனுப்பியது சைமன் பக்னருக்கு. ஓராண்டு இளைய மாணவர், 1854-இல் நியூயார்க்கில் கையில் காசில்லாமல் நின்றபோது உதவிய நண்பர். அதே போரில் அவருக்குக் கீழ் ஒரு பிரிவை நடத்திய சார்லஸ் ஸ்மித், அவர் மாணவராயிருந்தபோது கேடட்களின் தலைமை அதிகாரி. தன் பழைய ஆசானுக்குக் கட்டளையிடக் கிராண்ட் கூச்சப்பட்டார். கூச்சத்தைப் போக்கியவர் ஸ்மித்தேதான். கடைசி ஆண்டில் அறைத்தோழராயிருந்த ஃப்ரெட் டென்ட்டின் தங்கை ஜூலியாவைப் பிற்பாடு மணந்துகொண்டதையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம்.

பட்டம் பெற்றபோது உயரம் ஆறு அங்குலம் கூடியிருந்தது. நெடுநாள் இருமலால் எடை மட்டும் அதே 117 பவுண்டு. குதிரைப்படையை முதலில் கேட்டார். கிடைத்தது நான்காம் காலாட்படை. புதுச் சீருடை தைத்து வந்ததும் பள்ளித்தோழர்களும், குறிப்பாகப் பெண்களும், தன்னை அதில் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவருக்கும் இருந்தது. சின்சினாட்டித் தெருவில் குதிரைமேல் போனபோது, எல்லோரும் தன்னையே பார்ப்பதாக எண்ணிக்கொண்டிருந்தவரைப் பார்த்து, கந்தல் உடுத்த ஒரு சிறுவன் சிப்பாய்களைக் கேலி செய்யும் பாட்டைப் பாடிச் சிரித்தான். பெற்றோர் அப்போது குடியிருந்த பெதல் என்ற ஊரில், சத்திரத்துக் குதிரை லாயத்தில் வேலை செய்த ஒருவன், நீலக் கால்சட்டையின் இரு பக்கமும் வெள்ளைத் துணிப்பட்டி தைத்துக்கொண்டு, அவர் நடையைக் காப்பியடித்துத் தெருவில் நடந்து காட்டினான். ஊரே சிரித்தது. ராணுவச் சீருடைமேல் ஏற்பட்ட வெறுப்பு அன்றிலிருந்து தீரவே இல்லை என்று எழுதுகிறார். 1865 ஏப்ரல் 9-இல் அப்போமாட்டக்ஸில், சரணடைய மின்னும் உடையும் வாளுமாக வந்த தெற்கின் தளபதி ராபர்ட் லீயின் முன் சேறு படிந்த சாதாரணச் சிப்பாயின் மேல்சட்டையோடு அவர் போய் நின்றதற்கு நேரமின்மையும் ஒரு காரணம்தான். ஆனால் அதற்கு முன்பும் அவர் அப்படித்தான் உடுத்தினார்.

அப்படியானால் 1843-இல் அவர் தன்னை என்னவாகக் கண்டார் என்று கேட்டால், கணித ஆசிரியராக. சில ஆண்டுகள் வெஸ்ட் பாயின்ட்டிலேயே உதவிக் கணிதப் பேராசிரியராக இருந்துவிட்டு, பிறகு ஏதேனும் நல்ல கல்லூரியில் நிரந்தர இடம் தேடிக்கொள்வது என்று தீர்மானித்திருந்தார். செயின்ட் லூயிஸ் அருகிலுள்ள ஜெஃபர்சன் பாரக்ஸில் பணியில் சேர்ந்ததும் தன் பழைய கணிதப் பேராசிரியர் சர்ச்சுக்குக் கடிதம் எழுதினார். இடம் காலியானால் கேட்பதாக நம்பிக்கையூட்டும் பதிலும் வந்தது. கல்லூரிக் கணிதத்தை முறையாகத் திரும்பப் படிக்கவும் தொடங்கினார். 1844 மே மாதத்தில் அவருடைய படைப்பிரிவு லூசியானாவுக்கு அனுப்பப்பட்டது. அங்கிருந்து டெக்சாஸுக்கும், பிறகு மெக்சிகோ போருக்கும் போனார். அந்தப் பேராசிரியர் வேலைக்கு அவர் கடைசிவரை போகவில்லை.